வெப்பவலய இலைச்செடிகளும் கண்ணாடிப் பெட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு செடியைத் தொட்டியில் நட்டு நீரூற்றி வளர்த்தல், வரலாற்று மாணவனின் கவனத்துக்குரிய பொருளாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. அரசுகளின் எழுச்சி வீழ்ச்சி, உற்பத்தி முறைகளின் மாற்றம், மக்களின் இடப்பெயர்வு என்பனவே வரலாற்றின் பொருளெனக் கொள்ளப்படுகின்றன. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வந்தர் வெப்பவலயக் காடுகளின் அரிய இலைச்செடிகளைத் தம் இல்லங்களில் உயிருடன் வைத்திருப்பதற்கு மேற்கொண்ட முயற்சி, மேற்கூறிய பெரும்பொருள்கள் மூன்றோடும் நெருங்கிய தொடர்புடையது. அம்முயற்சியோடு வளர்ந்த அறிவும் கருவிகளும் சின்கோனாவையும் இறப்பரையும் கடல்கடந்து கொண்டுசெல்லப் பயன்பட்டன. இலங்கையின் மலைநாடும் தென்மேற்குத் தாழ்நிலமும் இன்று காணப்படும் தோற்றத்தைப் பெற்றமைக்கு அவையும் ஒரு காரணமாகும். இலைச்செடி வளர்ப்பின் வரலாற்றை, அதன் நுட்பங்களோடும் அதன் பின்னணியில் நின்ற மனித உழைப்போடும் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்டுத் தரையின் அரசன்

இலங்கையின் ஈரலிப்பான காடுகளின் தரையிலே, உக்கிய இலைகளுக்கிடையே படர்ந்து வளரும் சிறியதோர் ஓர்க்கிட் உண்டு. சிங்கள மக்கள் இதனை 'வனராஜா' என வழங்குவர். காட்டின் அரசன் என்னும் பொருள்தரும் இப்பெயர், கணுக்காலளவும் உயராத ஒரு செடிக்கு வழங்கப்பட்டமை முதலில் வியப்பைத் தரலாம். அதன் இலையைக் கண்டவர்க்கு அவ்வியப்பு நீங்கிவிடும். கருமை கலந்த பச்சை நிறமும் வெல்வெற்றுத் துணியை ஒத்த மேற்பரப்பும் கொண்ட அவ்விலையின்மீது பொன்னிற நரம்புகள் வலைபோலப் பின்னிக்கிடக்கும். ஏனைய ஓர்க்கிட்டுகள் பூவுக்காகப் போற்றப்பட, வனராஜாவும் அதன் உறவினங்களும் இலைக்காகவே போற்றப்பட்டன.

தாவரவியலாளர் இச்செடியை அனெக்டோகைலஸ் என்னும் சாதியுள் அடக்குவர். யாவாவில் ஆய்வு நடத்திய புளூமே என்பவர் 1825இல் இச்சாதியை நிறுவினார். 1830களில் இலங்கைச் செடி இங்கிலாந்தை அடைந்தபோது அது யாவா இனத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டது. 1850களின் இறுதியில் புளூமே அதனைத் தனியினமாகப் பிரித்து, 'அரசனுக்குரிய' என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரை அதற்கு இட்டார். காட்டோர வாழ்வினர் இட்ட பெயரின் சாயல் ஐரோப்பிய அறிவியற் பெயரிலும் காணப்படுதல் குறிப்பிடத்தக்கது.

இத்தகைய செடியை வளர்க்க விரும்புவோர் முதலில் அதன் பிறப்பிடத்தை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். மழைக்காட்டின் மேற்கவிகையைத் தாண்டித் தரையை அடையும் ஒளி, திறந்த வெளியிற் கிடைப்பதன் 100இல் 1 அல்லது 2 பங்கு மட்டுமே. அங்கு காற்று ஏறத்தாழ அசைவின்றி நிற்கும், ஈரப்பதன் மிகுந்திருக்கும், இரவுக்கும் பகலுக்குமிடையே வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. உக்கிய இலைகளின் தளர்ந்த படையிலே வேர் படர்வதால் மழைநீர் தேங்காது வடிந்துவிடும். நிழல், ஈரக்காற்று, மாறாத வெப்பம், நீர் தேங்காத மண் ஆகிய இந்நான்குமே வெப்பவலய இலைச்செடிகளுட் பெரும்பாலானவற்றின் அடிப்படைத் தேவைகளாகும். புகையும் பனியும் சூழ்ந்த இலண்டன் நகரில் இவற்றுள் நிழலைத் தவிர வேறெதுவும் இயல்பாகக் கிடைக்கக்கூடியதாக இருக்கவில்லை.

கடற்பயணமும் செடிகளின் அழிவும்

செடியைப் பேணும் பிரச்சினை இலண்டனில் அன்றிக் கப்பலிலேயே தொடங்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பலொன்று கீழைத்தேயத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தை அடைய நான்கு முதல் ஆறு மாதங்கள் சென்றன. செடிகளைக் கப்பலின் அடித்தளத்தில் வைத்தால் ஒளியின்றி வெளிறி மடிந்தன. மேற்றளத்தில் வைத்தால் உப்புநீர்த் திவலைகள் இலைகளைக் கருக்கின. மாலுமிகளுக்கே நன்னீர் அளந்து கொடுக்கப்பட்ட நிலையிற் செடிகளுக்கு ஊற்றுவதற்கு நீர் கிடைத்தல் அரிதாயிற்று. எலியும் கப்பலில் வளர்த்த ஆடும் எஞ்சியவற்றைத் தின்றன. சீனாவில் வாழ்ந்த ஆங்கில மருத்துவரான ஜோன் லிவிங்ஸ்டன், 1819இல் இலண்டன் தோட்டக்கலைக் கழகத்துக்கு எழுதிய கடிதமொன்றில், இங்கிலாந்தை உயிருடன் அடையும் ஒவ்வொரு செடிக்கும் ஆயிரம் செடிகள் வழியில் அழிகின்றன எனக் கணக்கிட்டார்.

இக்கணக்குத் துல்லியமானதா என்பது ஒருபுறமிருக்க, அக்காலத்தில் வெப்பவலயச் செடியொன்றின் விலை ஏன் அத்துணை உயர்ந்திருந்தது என்பதை அது விளக்குகின்றது. அருமை என்பது காட்டில் அச்செடி அரிதாயிருந்தமையால் மட்டும் விளைந்ததன்று. கடலும் காலமும் அதனை அரிதாக்கின.

வோர்ட்டின் போத்தல்

இந்நிலையை மாற்றியவர் நதானியேல் பக்ஷோ வோர்ட் என்னும் மருத்துவர் ஆவார். 1791இற் பிறந்த இவர் கிழக்கு இலண்டனில் துறைமுகத்தை அண்டிய பகுதியில் மருத்துவத்தொழில் புரிந்தார். தம் வீட்டு முற்றத்திற் கற்பாறைகளை அடுக்கி அவற்றிடையே பன்னங்களை வளர்க்க அவர் விரும்பினார். கைத்தொழிற் புரட்சியின் பயனாகச் சூழவெழுந்த தொழிற்சாலைகளின் புகை அவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றது. 1829இல், அந்துப்பூச்சியொன்றின் கூட்டுப்புழு விருத்தியடைவதைக் காணும்பொருட்டு, ஈரமண் இட்ட கண்ணாடிப் போத்தலொன்றில் அதனை வைத்து மூடினார். சில நாட்களிற் பன்னமொன்றும் புல்லொன்றும் அம்மண்ணில் முளைத்தன. வெளிமுற்றத்தில் வாழ முடியாத பன்னம் மூடிய போத்தலுள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீரூற்றப்படாமலே செழித்து வாழ்ந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்தபோதே அது மடிந்தது.

இதன் காரணத்தை வோர்ட் விளங்கிக்கொண்டார். பகல் வெப்பத்தில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் வெளியேறும் நீராவி, கண்ணாடியிற் படிந்து துளியாகி மீண்டும் மண்ணையே அடைகின்றது. ஆகவே நீர் குறைவதில்லை. ஒளி உட்செல்கின்றது; புகையும் உப்பும் உட்செல்வதில்லை. வெளிக்காற்றின் திடீர் வெப்பமாற்றங்களும் தணிந்தே உள்ளே உணரப்படுகின்றன. காட்டுத் தரையின் நிலைமைகள் சிறிய அளவிற் கண்ணாடிக்குள் அமைந்துவிடுகின்றன.

1833இல் வோர்ட் பன்னங்களும் புற்களும் பாசிகளும் கொண்ட இரு பெட்டிகளைச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். அவை பழுதின்றிச் சென்றடைந்தன. 1834 பெப்ருவரியில் அதே பெட்டிகள் அவுஸ்திரேலியச் செடிகளோடு இலண்டனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. சிட்னியிற் செடிகளை ஏற்றியபோது வெப்பநிலை 90 பாகை பரனைற்றுக்கு மேலிருந்தது. ஹோர்ன் முனையைச் சுற்றியபோது அது 20 பாகைக்கு வீழ்ந்து, கப்பலின் மேற்றளத்தில் உறைபனி கிடந்தது. புவிமத்தியகோட்டை அணுகியபோது மீண்டும் 100 பாகையைக் கடந்தது. எட்டு மாதங்கள் கழிந்து பெட்டிகள் இலண்டனில் திறக்கப்பட்டபோது செடிகள் நலமாயிருந்தன. இலண்டனின் புகழ்பெற்ற நாற்றுமேடை உரிமையாளரான ஜோர்ஜ் லொடிஜஸ், முன்னர் இருபது செடிகளிற் பத்தொன்பதை இழந்துவந்த தாம், இப்பெட்டியைப் பயன்படுத்தியபின் இருபதிற் பத்தொன்பதைக் காப்பாற்றக்கூடியதாக இருந்ததெனச் சான்றளித்தார். 1842இல் வோர்ட் தமது கண்டுபிடிப்பை விளக்கி நூலொன்றை வெளியிட்டார். 'வோர்ட்டின் பெட்டி' என இக்கருவி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

கண்ணாடி இல்லமும் அன்றாடப் பராமரிப்பும்

கடலைத் தாண்டிய செடியை ஆண்டுதோறும் பேணுதல் வேறொரு பிரச்சினையாகும். ஐரோப்பாவின் முற்காலக் கண்ணாடி இல்லங்கள் சுவரினூடே செல்லும் புகைப்போக்கிகளாலும், புளித்துச் சூடேறும் மரப்பட்டைத் தூளினாலும் வெப்பமூட்டப்பட்டன. புகைப்போக்கியில் வெடிப்பு ஏற்பட்டால் ஒரே இரவிற் செடிகள் யாவும் அழியக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரும்புக் குழாய்களிற் சுடுநீரைச் செலுத்தும் முறை பரவியது. 1832இன் பின்னர் பெருந்தகட்டுக் கண்ணாடி இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்டது. கண்ணாடிக்கு எடைக்கேற்ப அறவிடப்பட்ட வரி 1845இல் நீக்கப்பட்டது. நிலக்கரியும் இரும்பும் கண்ணாடியும் மலிந்த ஒரு சமுதாயத்திலேயே வெப்பவலய இலைச்செடி வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காகப் பரவ முடிந்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

டெவன்ஷயர்க் கோமகனுக்காக ஜோசப் பக்ஸ்டன் சாட்ஸ்வேர்த்தில் அமைத்த பெருங்கண்ணாடி இல்லம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1836இல் தொடங்கி 1840 வரை கட்டப்பட்ட அவ்வில்லம் 277 அடி நீளமும் 123 அடி அகலமும் உடையது. எட்டுக் கொதிகலன்களிலிருந்து ஏறத்தாழ ஏழு மைல் நீளமான குழாய்களினூடாகச் சுடுநீர் செலுத்தப்பட்டது. நிலக்கரி, காண்போர் கண்ணிற் படாதவாறு, நிலத்தடிச் சுரங்கப் பாதையினூடே தள்ளுவண்டியிற் கொண்டுவரப்பட்டது. கோமகனின் விருந்தினர் கண்டது தாலமரங்களையும் பன்னங்களையுமே. கரியள்ளியவரை அவர்கள் காணவில்லை.

பராமரிப்பு நுட்பங்கள் பல தவறுகளின் வழியாகவே அறியப்பட்டன. வெப்பவலயம் என்றாலே கடும் வெப்பமும் இடையறாத ஈரமும் எனக் கொண்ட முற்காலத்து வளர்ப்போர், செடிகளைக் காற்றோட்டமற்ற கொதிக்கும் அறைகளில் அடைத்து வைத்தனர். மலைச்சரிவிற் குளிர்ந்த முகிலிடையே வளர்ந்த செடிகளும் இவ்வாறே அடைக்கப்பட்டு அழுகின. செடியின் பிறப்பிடம் எந்த உயரத்தில் உள்ளது, அங்கு எப்பருவத்தில் மழை பெய்கின்றது என்னும் செய்திகளை அறிந்து, அதற்கேற்பத் தனித்தனி வெப்பநிலை கொண்ட அறைகளை அமைக்கும் வழக்கம் படிப்படியாகவே ஏற்பட்டது. காற்றோட்டத்தின் இன்றியமையாமையை வலியுறுத்தியோருட் பக்ஸ்டன் குறிப்பிடத்தக்கவர்.

வனராஜா போன்றன இக்கலையின் கடினமான சோதனையாக அமைந்தன. அவை பெரிய கண்ணாடி இல்லத்துள்ளும் தனியே மணிவடிவக் கண்ணாடிக் கவசத்தினால் மூடி வளர்க்கப்பட்டன. பாசியும் உக்கிய இலையும் வெண்மணலும் கரித்துண்டுகளும் கலந்த தளர்ந்த கலவை அவற்றுக்கு இடப்பட்டது. கவசத்தை ஒருபோதும் திறவாவிட்டால் தண்டு அழுகியது. அதிகம் திறந்தால் இலை சுருண்டது. நாள்தோறும் சிறிது நேரம் கவசத்தை உயர்த்தி, உட்பக்கத்து நீரைத் துடைத்து மீண்டும் மூடுதல் வேண்டும். பூமொட்டுத் தோன்றினால் அதனைக் கிள்ளிவிடுவது வழக்கமாயிற்று. பூத்த தண்டு வலுவிழந்து மடிவதே இதற்குக் காரணம். இலையழகுக்காகப் பூவைத் துறந்த இவ்வழக்கம் அக்காலத்துச் சுவையை நன்கு புலப்படுத்துகின்றது.

ஏனைய இலைச்செடிகளும் ஓயாத கவனத்தை வேண்டின. வெதுவெதுப்பான மழைநீரையே ஊற்ற வேண்டும். அகன்ற இலைகளிற் படியும் கரித்தூசியைக் கடற்பஞ்சினால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். சாறுறிஞ்சும் பூச்சிகளைக் கையால் எடுக்கவேண்டும். அன்றேல் அறையை மூடிப் புகையிலைப் புகையூட்ட வேண்டும். குளிர்கால இரவுகளிற் கொதிகலன் அவிந்துவிடாது விழித்திருத்தல் வேண்டும். இப்பணிகளைச் செய்தோர் இளந்தோட்டத் தொழிலாளர். கண்ணாடி இல்லத்தின் பின்சுவரை ஒட்டி அமைந்த சிற்றறைகளில் அவர்கள் வாழ்ந்தனர். செடிகளுக்குப் பரிசு வழங்கப்பட்ட கண்காட்சிகளிற் செடியின் உடைமையாளர் பெயர் முதலிடம் பெற, தலைமைத் தோட்டக்காரரின் பெயர் அதனைத் தொடர்ந்து வரும். கரியள்ளிய இளைஞனின் பெயர் எங்கும் வருவதில்லை.

இவ்வளவு கவனத்தையும் மீறி இலண்டன் மூடுபனி கண்ணாடியின் இடுக்குகளினூடே புகுந்து இலைகளை உதிர்த்தது. 1890களின் தொடக்கத்தில், தோட்டக்கலைக் கழகத்தின் வேண்டுகோட்படி ஒலிவர் என்னும் தாவரவியற் பேராசிரியர் நகர மூடுபனி செடிகளுக்கு விளைக்கும் தீங்கினை ஆராய்ந்து அறிக்கையளித்தார். கண்ணாடி இல்லத்தைச் சாத்தியமாக்கிய நிலக்கரியே அதனுள் வாழ்ந்த செடிகளையும் கொன்றது என்பது அவ்வாய்வினின்று பெறப்படும் செய்தியாகும்.

இலைமோகமும் அதன் சமூக அடிப்படையும்

1850கள் முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஐரோப்பாவில் இலைச்செடி மோகம் உச்சநிலையில் இருந்தது. அசாமிலிருந்து வந்த ஓர்க்கிட்டுகளோடு தற்செயலாக இலண்டனை அடைந்த பிகோனியாவொன்று, வெள்ளி வளையம் கொண்ட தன் இலையினாற் புகழ்பெற்றது. பிரேசிலின் கலேடியங்களும் பசிபிக் தீவுகளின் குரோட்டன்களும் திரசீனாக்களும் தொடர்ந்தன. இலண்டனில் வீச் குடும்பத்தினரும் பிரசல்சில் ஜோன் லின்டனும் இவ்வணிகத்தின் முதல்வராயினர். அவர்கள் தொலைதூரக் காடுகளுக்குச் சேகரிப்போரை அனுப்பினர். புதிய இனமொன்றை முதலிற் சந்தைப்படுத்தும் நிறுவனம் பெரும் இலாபம் பெற்றமையாற் பிறப்பிடங்கள் இரகசியமாக வைக்கப்பட்டன.

சேகரிப்போரின் வாழ்வு கடினமானது. ஜெர்மனியைச் சேர்ந்த குஸ்தாவ் வாலிஸ், கொலம்பியாவின் மழைக்காடுகளில் நீண்டு தொங்கும் நெளிந்த இலைகளையுடைய அந்தூரியம் இனமொன்றைக் கண்டு இலண்டனுக்கு அனுப்பினார். 1876இல் அது வீச் குடும்பத்தின் பெயரால் அந்தூரியம் வீச்சி என விவரிக்கப்பட்டது. இரண்டாண்டுகளின் பின்னர், 1878இல், வாலிஸ் எக்குவடோரின் குவென்கா நகரில் நோயுற்று இறந்தார். வாலிசுக்கு வழிகாட்டியாய் நின்று, செடியைக் காட்டி, பொதிசுமந்த உள்நாட்டு மக்களோ இவ்வரலாற்றிற் பெயரின்றியே நிற்கின்றனர்.

இலைமோகம் வர்க்க வேறுபாடுகளையும் பிரதிபலித்தது. கொதிகலனும் தோட்டக்காரரும் உடையோர் அந்தூரியத்தை வளர்த்தனர். நடுத்தர வகுப்பினர் வரவேற்பறை மேசையில் வைக்கத்தக்க சிறிய வோர்ட்டின் பெட்டியிற் பன்னங்களை வளர்த்தனர். அதற்கும் வசதியற்றோர் கிழக்காசியாவிலிருந்து வந்த அஸ்பிடிஸ்திரா என்னும் செடியை நாடினர். வாயு விளக்கின் புகையையும் இருளையும் புறக்கணிப்பையும் அது தாங்கிக்கொண்டது. வெவ்வேறு அளவிலேனும் இம்மூவரும் விரும்பியது ஒன்றே. இயற்கையை இழந்த நகரத்துள் பசிய இலையொன்றை உயிருடன் காண அவர்கள் விரும்பினர்.

பேராதனையும் இறப்பர் நாற்றும்

இலைச்செடிக்காகச் சீர்செய்யப்பட்ட இந்நுட்பங்கள் பேரரசின் பொருளாதாரத் தேவைகளுக்கு விரைவிற் பயன்படுத்தப்பட்டன. இம்மாற்றத்தில் இலங்கைக்குச் சிறப்பிடம் உண்டு. 1821இல் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பிற் பேராதனைத் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. 1849 முதல் 1880 வரை அதன் பணிப்பாளராக விளங்கிய துவெயிட்சின் காலத்தில் அது இலண்டனின் கியூ பூங்காவுடன் இடையறாத தொடர்பு கொண்டிருந்தது. இலங்கைச் செடிகளை வோர்ட்டின் பெட்டிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றன. பிறநாட்டுச் செடிகளை அதே வகைப் பெட்டிகள் இங்கு கொணர்ந்தன. அப்பூங்காவின் பணிகளில் உள்நாட்டவர் பெற்ற பங்கிற்கு ஹரமானிஸ் த அல்விஸ் சான்றாவார். பல்லாண்டுகளாக இலங்கைத் தாவரங்களை வரைந்த இவ்வோவியர் பெயர் கூறி அறியப்படும் மிகச் சிலருள் ஒருவர்.

தென்னமெரிக்காவின் அந்திஸ் மலையிலிருந்து கொணரப்பட்ட சின்கோனா 1861இல் ஹக்கலையில் நடப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா அதன் பட்டையிலிருந்து பெறப்படுவது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பிப் பயிரைப் படிப்படியாக அழித்தபோது, தோட்டத்துரைமார் பலர் சின்கோனாவை நாடினர்.

இறப்பரின் வரலாறு இன்னும் தெளிவான தொடர்பைக் காட்டுகின்றது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் அமேசன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். விரைவிற் கெட்டுவிடும் அவ்விதைகளை உடனே விதைப்பதற்காக, ஓர்க்கிட் இல்லமும் நாற்று இல்லமும் அவசரமாக வெறுமையாக்கப்பட்டன என விக்கம் பிற்காலத்தில் எழுதியுள்ளார். செல்வந்தர் வியந்து நோக்கிய அரிய செடிகளின் இடத்தில் இறப்பர் விதைகள் விதைக்கப்பட்டன. அதே சுடுநீர்க் குழாய்கள் அவற்றுக்கும் வெப்பமூட்டின. ஏறத்தாழ 2,700 விதைகளே முளைத்தன. அவற்றுள் 1,919 நாற்றுகள் 38 வோர்ட்டின் பெட்டிகளில் வைக்கப்பட்டு, தோட்டக்காரர் ஒருவரின் மேற்பார்வையில் அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மிகப் பெரும்பாலான நாற்றுகள் உயிருடன் வந்தடைந்தன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் அவற்றுக்கெனப் பூங்காவொன்று அமைக்கப்பட்டது. 1881இல் அங்கு இறப்பர் மரம் முதன்முதலிற் பூத்தது. 1877இல் சிங்கப்பூர் 22 செடிகளைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகியபோது, இலங்கையும் மலாயாவும் உலக இறப்பர்ச் சந்தையைக் கைப்பற்றின. அமேசனின் இறப்பர் வணிகம் வீழ்ந்தது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆயிரத்தில் ஒன்றே உயிர்தப்பியது எனக் கூறப்பட்ட கடற்பயணம் இவ்வாறு நம்பத்தக்க போக்குவரத்தாக மாறியது. இலையழகை நாடியோரின் பொழுதுபோக்கிற்குச் சந்தை இருந்திராவிடின், பெட்டி செய்வோரும் அதனைப் பயன்படுத்தப் பழகிய கப்பற் தலைவர்களும் கண்ணாடி இல்லத்திற் பயின்ற தோட்டக்காரர்களும் அத்துணை விரைவிற் பெருகியிருத்தல் அரிது.

எண்ணப்பட்டனவும் எண்ணப்படாதனவும்

இவ்வரலாற்றை ஆராய்வோர் ஒரு முரண்பாட்டைக் காணத் தவறார். 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இறப்பர் நாற்றுகள் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தொன்பது என ஒன்று பிசகாது எண்ணப்பட்டுள்ளன. அவை எத்தனை பெட்டிகளில், யார் காவலில் வந்தன என்பனவும் பதிவாகியுள்ளன. அதே நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் அவ்வழியில் எத்தனைபேர் இறந்தனர் என்பது இன்றும் வரலாற்றாசிரியரிடையே விவாதத்துக்குரியதாகவே உள்ளது. முழுமையான கணக்கெதுவும் அக்காலத்தில் வைக்கப்படாமையே இதன் காரணம்.

செடிக்கு எது தேவை என்பதைப் பேரரசு நுணுகி ஆராய்ந்தது. எவ்வளவு ஒளி, எவ்வளவு ஈரம், எவ்வளவு வெப்பம் என்பனவற்றை அளந்து அதற்கேற்பக் கண்ணாடி இல்லம் கட்டப்பட்டது. வெப்பமான சமவெளியிலிருந்து குளிர்ந்த மலைக்கு வந்த மனிதருக்குக் கிடைத்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் அறை. சின்கோனாவையும் தேயிலையையும் இறப்பரையும் நாட்டியவர்களும் பேணியவர்களும் அவ்வறையில் வாழ்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. அவர்கள் கையினாலேயே இந்நாட்டின் ஏற்றுமதிப் பொருளாதாரம் உருவாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. கடல்கடந்து வந்த இறப்பரும் தேயிலையும் இந்நாட்டின் பயிர்கள் என ஏற்கப்பட்டபின்னரும், அவற்றை வளர்த்தோர் அந்நியராகவே கணிக்கப்பட்டமை சிந்திக்கற்பாலது.

முடிவுரை

கண்ணாடி இல்லங்களின் பொற்காலம் முதலாம் உலகப்போரோடு முடிவுற்றது. போர்க்காலத்தில் நிலக்கரி கிடையாமையாற் சாட்ஸ்வேர்த்தின் செடிகள் மடிந்தன. 1920இல் அவ்வில்லமே தகர்க்கப்பட்டது. பெட்டிகளின் மண்ணோடு பூச்சிகளும் நோய்களும் நாடுவிட்டு நாடு சென்றமை உணரப்பட்டபின் செடிகளின் போக்குவரத்து நோய்த்தடுப்புச் சட்டங்களுக்கு உட்பட்டது. விமானப் போக்குவரத்து வளர்ந்தபின் வோர்ட்டின் பெட்டிக்குத் தேவையும் குறைந்தது. கியூ பூங்கா 1962இல் அதனை இறுதியாகப் பயன்படுத்தியது. இலங்கையில் வனராஜா சட்டப் பாதுகாப்புப் பெற்ற தாவரங்களுள் ஒன்றாக உள்ளது. உலக ஓர்க்கிட்டுகள் அனைத்தினதும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. அனெக்டோகைலஸ் சாதியின் சில இனங்கள் இன்று ஆய்வுகூடங்களில் இழைய வளர்ப்பு முறையினாற் பெருக்கப்படுகின்றன. கிருமிநீக்கிய ஊடகத்தில், மூடிய கண்ணாடிக் குடுவையுள் அவை வளர்கின்றன. 1829இல் வோர்ட் கண்ட போத்தலின் தத்துவமே அங்கும் தொழிற்படுகின்றது. காட்டிலிருந்து பிடுங்காமலே இலைச்செடியை வளர்க்கும் வழி இவ்வாறு திறந்துள்ளது.

ஓர் அரிய செடியைப் பேணுதல் என்பது அதன் பிறப்பிடத்தை அறிந்து, அந்நிலைமைகளை அதற்கு மீண்டும் அமைத்துக் கொடுப்பதேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இவ்வுண்மையைக் கண்டறிந்தது. அவ்வறிவினால் உலகின் பயிர்களை இடம்மாற்றிப் பெருஞ்செல்வமும் ஈட்டியது. இடம்மாற்றப்பட்ட மனிதரின் தேவைகளை அதே அக்கறையோடு ஆராய அது முற்படவில்லை. இக்குறையினைப் பதிவு செய்யாத தோட்டக்கலை வரலாறு முழுமை பெற்றதாகாது. பேராதனைப் பூங்காவின் நிழற்சாலைகளையும் ஹெனரத்கொடையின் முதிய இறப்பர் மரங்கள் நின்ற நிலத்தையும் காணச் செல்லும் மாணவர், அம்மரங்களின் பெயர்ப்பலகைகளில் எழுதப்பட்ட பிறப்பிடத்தோடு, எழுதப்படாத உழைப்பாளரையும் நினைவுகூர்வாராயின், நம் நாட்டின் வரலாற்றை அவர் ஓரளவேனும் நிறைவாகக் கற்றவராவார்.